வன்னியில் இருந்துகொண்டு நாணயம் சேர்த்தல்: நிறுத்து, பார்த்து, வாங்கும் முறை

நாணயம் சேர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "தராசு இருக்கோ?" என்றுதான். நகைக்கடையில் வைத்திருப்பதுபோல, ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிற சின்ன மின்தராசு. அது கையில் வரும்வரை ஒரு காசும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வவுனியாவிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், ஒரு மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில் விக்டோரியா இராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை வாங்கினேன். விற்றவர் நல்ல கதை சொன்னார். யாழ்ப்பாணத்துப் பழைய வீடு ஒன்றில், ஒரு கிழவியின் கொட்டைப்பெட்டிக்குள் வெற்றிலை பாக்கோடு கிடந்ததாம். எனக்கு என் அம்மம்மாவின் கொட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. விலை பேசக்கூட மனம் வரவில்லை. அடுத்த நாள் காலையில் வவுனியாவில் தெரிந்த நகை வேலை செய்பவரிடம் நிறுத்துப் பார்த்தால் 9.7 கிராம். அந்த ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், ஆனால் ஒரேயடியாக இரண்டு கிராம் குறையாது. போலி. கதைக்குத்தான் காசு கொடுத்திருந்தேன்.

கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த நாளுக்குப் பிறகு படித்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று எங்கே இருந்தாலும், ஒரு பெரிய கடையோ சங்கமோ பக்கத்தில் இல்லாமல் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

எதைச் சேர்ப்பது

முதலில் வீட்டைத் தேடுங்கள். அலுமாரி லாச்சி, தையல் மெசின் பெட்டி, சாமியறைத் தட்டம், அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டி. வன்னியில் பலமுறை இடம்பெயர்ந்த வீடுகளில் அதிகம் மிஞ்சியிருக்காது. மிஞ்சியதற்கு அதனாலேயே மதிப்பு அதிகம். பெரும்பாலும் கிடைப்பவை இவை: பூவிதழ்போல விளிம்பு வளைந்த இரண்டு சதம், சதுர ஐந்து சதம், 1963 இலிருந்து வந்த, அரசர் தலை இல்லாத சில்லறை. இவை பெரிய விலை போகாது. ஆனால் கண்ணைப் பழக்க இவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. நல்ல காசு எப்படி இருக்கும் என்று நூறு தடவை பார்த்த கண்தான் கெட்ட காசைக் கண்டுபிடிக்கும்.

புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது, 2013 என்று ஆண்டு பொறித்த பத்து ரூபாய் மாவட்டத் தொடர். 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு நாணயம். முல்லைத்தீவுக்கு ஒன்று, மன்னாருக்கு ஒன்று, கிளிநொச்சிக்கு ஒன்று, வவுனியாவுக்கு ஒன்று. கடைக்காரரிடம் சில்லறை மாற்றும்போது தேடி எடுக்கலாம். முதல் நாலும் நம்முடையவையாக இருக்கட்டும், மற்றவை மெல்ல மெல்ல வரும்.

அதற்கு மேலே போக விரும்பினால் பிரித்தானியர் கால இலங்கைக் காசுகள். 1870 இல் தொடங்கிய செப்புச் சதங்களில் ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் தாளிப்பனை. பனை நாட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் காசில் ஒரு தனிப் பிடிப்பு உண்டு. அந்தத் தொடரின் ஐந்து சதம் சுமார் 19 கிராம், கையில் வைத்தாலே பாரம் தெரியும். 1892 இல் 10, 25, 50 சதங்கள் வெள்ளியில் வந்தன. எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் என்று தலைகள் மாறின. 1943 இலிருந்து 25 சதமும் 50 சதமும் வெள்ளி இல்லை, நிக்கல் கலந்த பித்தளை, போர்க்காலம்.

இங்கே பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. "தாத்தாவின் காலத்து இலங்கை வெள்ளி ரூபாய்" என்று காட்டுவார்கள். இலங்கையின் பெயரில் ஒரு ரூபாய் நாணயம் 1957 வரை அடிக்கப்படவில்லை. 1869 இல் இந்திய ரூபாயைத்தான் இங்கே சட்டபூர்வப் பணமாக்கினார்கள். 1872 இல் அதை நூறு சதமாகப் பிரித்தார்கள். ஆகவே வீடுகளில் இருக்கும் பழைய வெள்ளி ரூபாய் இந்திய ரூபாய். அதனால் மதிப்புக் குறையாது; ஆனால் "மிக அரிய இலங்கை ரூபாய்" என்று யாராவது விலை சொன்னால் நீங்கள் சிரித்தபடி நகர்ந்துவிடலாம்.

1957 இல் வந்தவை புத்த ஜயந்தி நினைவு நாணயங்கள். ஒரு ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது. ஐந்து ரூபாய் 92.5 வீத வெள்ளி, 28.28 கிராம். கண்காட்சிகளில் அடிக்கடி கண்ணில் படும்.

மண்ணுக்குள் இருப்பவை

வன்னியில் நாணயம் என்றதும் எல்லோருக்கும் புதையல்தான் ஞாபகம் வரும். அதற்கு அர்த்தமும் உண்டு. மாந்தைத் துறைமுகம் கப்பல் வந்துபோன இடம். இந்தத் தீவில் நாலாம் ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் சேர்த்து. ஒரு பக்கம் நிற்கும் அரசனும் மறுபக்கம் இருக்கும் அரசனுமாக, நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்று பொறித்த சோழர் செப்புக்காசு ஈழம் முழுவதும் பரவிக் கிடந்தது. யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் "சேது". பூநகரிப் பகுதியில் ஆய்வு செய்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இந்தப் பழைய நாணயங்கள் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு சேதுக் காசை முதன்முறை கையில் வாங்கி, அந்த இரண்டு எழுத்தையும் நானே வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது உண்மை.

ஆனால் தோண்டாதீர்கள். தயவுசெய்து தோண்டாதீர்கள். முதல் காரணம் உயிர். போர் நடந்த நிலத்தில் இன்னும் வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். இரண்டாவது சட்டம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட நாணயம் தொல்பொருள். அனுமதி இல்லாமல் அதற்காக அகழ முடியாது, உரிமம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கிணறு வெட்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ தற்செயலாக வெளிப்பட்டால் கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ அறிவிக்க வேண்டும். மூன்றாவது காரணம்தான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. மண்ணுக்குள் இருக்கும் காசு, எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டுத்துண்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதோடு சேர்த்தே பேசும். பிடுங்கி எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால் அது வெறும் செப்புத் துண்டு. நம்முடைய வரலாற்றுக்கு எழுத்துச் சான்று குறைவு என்று வருந்துகிறோம். அந்தச் சான்றை நாமே மண்வெட்டியால் அழிக்கலாமா?

அதனால் ஈரமண் ஒட்டிய காசை யாராவது பையில் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன். பழைய சேகரிப்பிலிருந்து வருவதாகச் சொன்னால், யாருடையது, எப்போதிருந்து என்று எழுதிக் கையொப்பம் கேட்பேன். தராவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. கோயிலில் நேர்ந்து முடிந்துவைத்த காசையும் நான் தொடுவதில்லை. வற்றாப்பளைக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் கட்டிய காசு அம்மனுடையது.

கருவிகள்

தராசு பற்றிச் சொன்னேன். 200 கிராம் வரை தாங்குவது போதும். வாங்கியதும் நாட்டில் இப்போது புழங்கும் புது நாணயம் ஒன்றை நிறுத்து, அதன் அதிகாரபூர்வ எடையோடு ஒப்பிட்டுத் தராசையே சோதியுங்கள். அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், மில்லிமீற்றரில் அளக்கும் வேர்னியர், ஒரு வலுவான சின்னக் காந்தம், ஒரு குறிப்புப் புத்தகம். கையுறை தேவையில்லை, காசை எப்போதும் விளிம்பில் பிடித்தால் சரி.

எடைகளை ஒரு மட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை வெள்ளி 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92, 10 சதம் 1.17. மூன்றும் ஒரே கணக்கில் இறங்குவதைக் கவனியுங்கள்: பத்துச் சதத்தின் எடையை ஐந்தால் பெருக்கினால் ஐம்பது சதம். ஒன்றை ஞாபகம் வைத்தால் மற்றவை தானாக வரும். 1870 தொடரின் ஒரு சதம் 4.72. இந்திய ரூபாய் 11.66. தங்க சொவரின் 7.98 கிராம், 22 கரட். நாம் ஒரு பவுண் என்று எட்டுக் கிராமைச் சொல்வது அந்தக் காசிலிருந்து வந்த வழக்கம்தான். காசு பற்றிய மற்ற அளவுகளை நுமிஸ்டா என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சோதிக்கும் முறை

நான் எப்போதும் ஒரே ஒழுங்கில் போவேன். ஒழுங்கை மாற்றினால் கண் தனக்குப் பிடித்ததை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடும்.

முதலில் எடை. தேய்ந்த காசு குறையும், ஒருபோதும் கூடாது. 11.66 கிராம் இருக்கவேண்டிய ரூபாய் 11.4 என்றால் பாவனை, 11.9 என்றால் சந்தேகம், 10.5 என்றால் கீழே வைத்துவிடுங்கள். மன்னர் காலச் செப்புக்காசுகளுக்கு இந்த இறுக்கம் பொருந்தாது. அவற்றைக் கையால் அடித்தார்கள், ஒன்றுக்கொன்று எடை மாறும்.

அடுத்து காந்தம். வெள்ளி, செம்பு, பித்தளை எதுவும் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கலாம். ஆனால் 2005 இல் வந்த நமது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் உருக்கின்மேல் பூச்சுப் போட்டவை, அவை ஒட்டுவது இயல்பு. காந்தத்தில் ஒட்டாததாலேயே நல்ல காசு என்று எண்ணவேண்டாம். போலி செய்பவர்கள் பித்தளையும் ஈயமும் பாவிக்கத் தெரிந்தவர்கள்தான்.

மூன்றாவது விளிம்பு. எல்லோரும் தலையையும் ஆண்டையும் பார்ப்பார்கள், விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. அச்சில் வார்த்த காசில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அதை அரத்தால் தேய்த்து மறைத்திருப்பார்கள். லூப்பில் பார்த்தால் அரம் ஓடிய கீறல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெள்ளி ரூபாயின் விளிம்புப் பற்கள் சீராக, ஒரே ஆழத்தில் சுற்றிவர வேண்டும்.

நாலாவது முகம். அச்சால் அடித்த காசில் எழுத்தின் ஓரம் நிலத்திலிருந்து செங்குத்தாக எழும்பும். வார்த்த காசில் எழுத்து உருகிய மெழுகுபோல வழுவழுப்பாக, அடியில் வட்டமாக இருக்கும். சின்னச் சின்னக் குழிகள், காற்றுக் குமிழ் வெடித்த அடையாளங்கள் தெரியும். இன்னொரு வழி: விற்பவரிடம் அதே காசு இரண்டு மூன்று இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாவனையில் விழுந்த வெட்டு ஒவ்வொரு காசிலும் வேறு வேறு இடத்தில்தான் விழும். இரண்டு காசில் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் வெட்டு இருந்தால் இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள். ஒரு அசலை அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள்.

ஆண்டைத் தனியாகப் பாருங்கள். ஆறாம் ஜோர்ஜின் 1939 இந்திய ரூபாய் மிக அரியது, 1938 அப்படியில்லை. எட்டை ஒன்பதாக்குவது கைதேர்ந்தவருக்குப் பெரிய வேலை இல்லை. கடைசி இலக்கத்தைச் சுற்றி நிறம் மாறியிருக்கிறதா, அதன் பருமன் மற்ற மூன்றோடு பொருந்துகிறதா என்று லூப்பில் பாருங்கள்.

ஐந்தாவது, வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மட்டும், தண்ணீர்ச் சோதனை. வீட்டில் செய்வது. ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதுமாகத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் பிரித்தால் அடர்த்தி வரும். ரூபாய் 11.66, தராசு 1.13 காட்டினால் 10.3. அந்த ரூபாயின் 91.7 வீத வெள்ளிக்கு அதுதான் சரி. செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 1.31 வரும், அடர்த்தி 8.9. புத்த ஜயந்தி ஐந்து ரூபாய்க்கு 2.73 காட்ட வேண்டும். தூய வெள்ளி 10.5, செம்பு 9 அளவில், ஈயம் 11.3, 22 கரட் தங்கம் 17.7 அளவில். பத்துச் சதத்துக்கு இந்தச் சோதனை உதவாது. அது இடம்பெயர்க்கும் தண்ணீர் 0.12 கிராம்தான், தராசு ஒரு புள்ளி தவறினாலே விடை எங்கேயோ போய்விடும். நூலில் ஒட்டிய காற்றுக் குமிழ்களையும் தட்டி விட்டுவிடுங்கள், என்னை அவை இரண்டு தடவை குழப்பியிருக்கின்றன.

நகைக்கடையில் உரைகல்லில் உரசிப் பார்க்க விடாதீர்கள். நகைக்கு அது சரி. காசுக்கு அந்த ஒரு கீறலே விலையில் பாதியைத் தின்றுவிடும்.

சோதிக்கவே தேவையில்லாத ஒரு வகை உண்டு. கிழக்கிந்தியக் கம்பனி பெயரில், 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்த பித்தளை, செம்பு வில்லைகள். கம்பனி அப்படி ஒரு பணம் அடிக்கவே இல்லை. கோயில் கடைகளில் பக்திக்காக விற்ற வில்லைகளைப் பார்த்துச் செய்தவை. இவை அரிசியை இழுக்கும், மின்னல் இறங்கியது என்று சொல்லி இலட்சக்கணக்கில் விலை பேசுவார்கள். கஜமுத்து, வலம்புரிச் சங்கு விற்கும் அதே வழிதான். உலகத்தில் எந்தக் காசும் அரிசியை இழுக்காது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது முற்பணம் கொடுக்கப் போகிறார் என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "இந்தப் பழைய ஐந்து ரூபாய் இருந்தால் பத்து இலட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் வருவதும் அதே இனம்.

கழுவாதீர்கள்

2008 கடைசியில் முள்ளியவளையை விட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மா ஒரு பால்மா டின்னுக்குள் தன் காசுகளைப் போட்டுக் கிணற்றடியில் தாட்டார். வெடிபொருள் அகற்றி, ஊருக்குப் போக விட்ட பிறகு, 2011 இல் அதை எடுத்தோம். டின் கறள் பிடித்துப் பொடியாகியிருந்தது. உள்ளே ஆறாம் ஜோர்ஜ் இரண்டு சதங்கள், சதுர ஐந்து சதங்கள், மூன்று வெள்ளி ஐம்பது சதங்கள். அம்மம்மா அப்போது உயிரோடு இல்லை. சந்தோசத்தில் நான் பழப்புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல மினுக்கினேன். பளபளவென்று வந்தன. அந்தப் பளபளப்பு இரண்டு மாதத்தில் மங்கியது. காசின் மேல்தோல் போனது போனதுதான். லூப்பில் பார்த்தால் ஆயிரம் கீறல். இன்றைக்கும் அவை என்னிடம் இருக்கின்றன, விற்கப்போவதும் இல்லை. ஆனால் அவற்றை அம்மம்மா வைத்திருந்தபடி என்னால் இனிப் பார்க்க முடியாது.

ஆகவே புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை, பிரசோ எதுவும் வேண்டாம். ஒட்டிய மண்ணை எடுக்க வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றினால் போதும். கராஜில் பற்றரிக்கு விடும் வடிநீர் போத்தல் மலிவாகக் கிடைக்கும். பற்றரி அசிட் அல்ல என்பதை லேபலில் வாசித்து உறுதிசெய்யுங்கள். துடைக்காமல் ஒற்றி எடுத்து நிழலில் உலர விடுங்கள்.

செம்பில் களிம்பு இயல்பு, சைவசித்தாந்தம் ஆணவத்துக்கே அதைத்தான் உவமை சொல்கிறது. கடும் பச்சை அல்லது கபில நிறத்தில் இறுக்கமாகப் பிடித்திருக்கும் படிவு காசைக் காக்கும், அது இருக்கட்டும். வெளிர்ப் பச்சைத் தூளாக உதிர்ந்தால் அது வேறு. உப்பு ஏறிய நோய். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரக் காசுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அப்படியான காசை மற்றவற்றோடு சேர்க்காமல் உலர்வாகத் தனியே வையுங்கள்.

விலை

வெள்ளிக்காசுக்கு ஒரு அடிமட்டம் உண்டு, உள்ளே இருக்கும் வெள்ளி. 1892 முதல் 1917 வரையான ஐம்பது சதத்தில் 80 வீதம், அதாவது 4.66 கிராம் வெள்ளி. 1919 முதல் 1942 வரை 55 வீதம், 3.2 கிராம். இந்திய வெள்ளி ரூபாயில் 10.7 கிராம், ஆனால் 1940 அளவில் வீதம் பாதியாகக் குறைந்தது, ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். புத்த ஜயந்தியில் 26 கிராம் சொச்சம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே யாராவது விற்றால் ஏன் என்று கேளுங்கள்.

அதற்கு மேல் கொடுப்பது தரத்துக்கும் அருமைக்கும். தரம் பார்க்க, காசின் உயர்ந்த இடங்களைப் பாருங்கள்: விக்டோரியாவின் காதுக்கு மேல் மயிர், அரசரின் புருவம், பனையோலையின் நரம்புகள். தேய்வு அங்கேதான் தொடங்கும். பழமையும் விலையும் ஒன்றல்ல என்பதை ஒல்லாந்தர் கம்பனியின் செப்புத் துட்டு காட்டும். இருநூறு வருடத்துக்கு மேல் பழையது, ஆனாலும் கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றும் மலிவு.

கண்காட்சி நாள்

கண்காட்சிகள் பெரும்பாலும் கொழும்பில் நடக்கும். முடிந்தால் ஒரு நாள் முந்திப் போய், கோட்டை சத்தாம் வீதியில் மத்திய வங்கியின் அரும்பொருட்காட்சியகத்தில் அசல் நாணயங்களைப் பாருங்கள். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அசலை மனதில் பதித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவது பெரிய பலம்.

செலவழிக்கும் காசைத் தனி உறையில் வையுங்கள், திரும்பும் ரயில் காசை வேறாக. எந்தக் காசு வேண்டும், அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்று முதல்நாள் இரவே எழுதிவிடுங்கள். உள்ளே போனதும் ஒரு சுற்று முழுவதும் நடந்து பாருங்கள், எதையும் வாங்காமல். ஒரே காசை மூன்று மேசையில் மூன்று விலையில் காண்பீர்கள்.

காசைக் கையில் எடுக்க முன் கேளுங்கள். "ஐயா, ஒருக்கால் நிறுத்துப் பார்க்கலாமோ?" என்று மரியாதையாகக் கேட்டால் நேர்மையான வியாபாரி மறுக்க மாட்டார், பலர் தங்கள் தராசையே தள்ளி வைப்பார்கள். சிங்கள வியாபாரிகளிடம் "பர பலன்ன புளுவன்த?" என்று கேளுங்கள், எடை பார்க்கலாமா என்பது. விலைக்கு "கீயத?", குறைக்கச் சொல்ல "டிகக் அடு கரன்ன புளுவன்த?". அரைகுறையாகப் பேசினாலும் முகம் மலரும், அனுபவத்தில் கண்டது. நிறுக்க விடாதவரிடம் வெள்ளிக்காசு வாங்காதீர்கள். "நேரமில்லை, இன்னொருவர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்" என்று அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவருக்கே போகட்டும்.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தரம் எழுதி, இலக்கம் போட்ட காசுகளும் இருக்கும். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனங்கள் செய்வது. அந்த இலக்கத்தை அவர்களுடைய இணையத்தளத்தில் அங்கேயே நின்று தொலைபேசியில் தட்டிப் பாருங்கள். படமும் காசும் ஒத்துப்போகவேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள்.

பேரம் பேசும்போது காசை இகழாதீர்கள். அவர் பல வருடம் வைத்திருந்ததாக இருக்கலாம். உங்கள் விலையைச் சொல்லி, அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நன்றி சொல்லி நகருங்கள். மாலையில் மேசை மடிக்கும் நேரம் திரும்பிப் போனால் பல தடவை கிடைத்திருக்கிறது. வாங்கியதும் பற்றுச்சீட்டு: காசின் பெயர், ஆண்டு, எடை, விலை, போலி என்று தெரிந்தால் இத்தனை நாளில் திருப்பி எடுப்பேன் என்ற ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத யார் தயங்குகிறார், யார் தயங்காமல் எழுதுகிறார் என்பதை வைத்தே அடுத்த முறை யாரிடம் போவது என்று முடிவெடுப்பேன்.

கொழும்புக்குப் போக வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். ஊரில் பழைய செம்பு, பித்தளை வாங்குபவரிடமும் நகை வேலை செய்பவரிடமும் சொல்லி வையுங்கள். உருக்கப் போகும் காசுகளுக்குள்ளிருந்து நான் மீட்டவை, கண்காட்சியில் வாங்கியவற்றைவிட அதிகம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அல்பத்தின் மென்மையான, வாசம் வருகிற பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் இருக்கும், வெக்கைக்கு நாளடைவில் சிதைந்து காசில் பச்சைப் பசையாகப் பிடிக்கும். மைலர் என்ற தெளிவான தாளில் சன்னல் வைத்த சதுர மட்டைகளை வாங்குங்கள். இறப்பர் வளையம், பத்திரிகைத் தாள், பூச்சி உருண்டை எதுவும் காசுக்குப் பக்கத்தில் வேண்டாம். வன்னியில் கோடை காயும், மாரியில் சுவரே வியர்க்கும்; ஐப்பசி தொடங்க முன் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிவிடுங்கள், தை பிறந்த பின் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அப்புறம் குறிப்புப் புத்தகம். ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம். எடை, விட்டம், எங்கே, யாரிடம், எந்தத் திகதியில், என்ன விலைக்கு. விற்றவர் சொன்ன கதையை "அவர் சொன்னது" என்று எழுதுங்கள், நீங்களே அறிந்ததை "நான் அறிந்தது" என்று வேறாக எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். என் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வெள்ளி ஐம்பது சதம், 1942, ஆறாம் ஜோர்ஜ். 5.71 கிராம். புளி போட்டு மினுக்கியது. அம்மம்மாவின் டின், முள்ளியவளை, கிணற்றடி. 2011 ஆவணியில் எடுத்தது. நான் அறிந்தது."